அறுவையின் பெயர் தெரியுமா?

சென்ற ஐப்பசி மாதத்து மழையிரவு ஒன்றில், என் மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி ஏற்காட்டில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். தொப்புளைச் சுற்றிச் சுருட்டிச் சுருட்டி இழுக்கும் வலியால் அவரால் நிமிரவும் இயலவில்லை. குமட்டல் இருந்தது; வாந்தியாக வெளியே எதுவும் வரவில்லை. பணியிலிருந்த இளம் மருத்துவர் வயிற்றில் இருந்த சிறு தழும்புகளைக் கண்டதும், “என்ன ஆபரேஷன் செய்துகொண்டார்கள் ஐயா?” என்று கேட்டார்.

“எடை குறைவதற்காக வயிற்றைச் சிறிதாக்கினார்கள், டாக்டர்” என்றேன்.

“அதில் எந்த வகை? இரைப்பையை வெட்டி எடுத்தார்களா, குடலை மாற்றி இணைத்தார்களா?”

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவன் நான். அன்று அந்த எளிய கேள்விக்கு விடை தெரியாமல் விழித்தேன். வலியால் துடித்துக்கொண்டிருந்தவருக்கும் தெரியவில்லை. அவருடைய உடலில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றத்தின் பெயரை ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் இருவரும் அறிந்துகொள்ளாமலே வாழ்ந்திருக்கிறோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. என் மனைவியின் இசைவோடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எடைகுறைப்பு அறுவை சிகிச்சையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அறுவைக்கு முன் என் மனைவியின் எடை 108 கிலோ. நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஊசி, மூட்டுவலி, படுத்தால் மூச்சுத் திணறல். அறுவைக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் எடை 70 கிலோவுக்கு இறங்கியது. இன்சுலின் நின்றது. வீட்டு வாசற்படி ஏறவே இளைத்தவர், வைகாசித் திருவிழாவில் சேர்வராயன் கோயில் வரை என்னோடு நடந்து வந்தார். அந்த அறுவை எங்களுக்குக் கிடைத்த நற்பேறு என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். ஆகவே இவ்வறுவையை நாடுவோர் வருங்காலத்தில் மிகுவரே தவிரக் குறைய மாட்டார்கள். அதனால்தான் அறுவைக்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எடை குறைந்தவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணினோம். எங்கள் பிழை அங்கே தொடங்கியது. முதலாண்டில் சொன்ன நாளில் தவறாமல் நகரத்து மருத்துவமனைக்குச் சென்றோம். இரண்டாம் ஆண்டில் ஒருமுறை சென்றோம். பிறகு செல்லவில்லை. இருபது கொண்டையூசி வளைவுகளில் இறங்கிச் சேலம் சேர்ந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து, ஒரு நாள் முழுவதையும் செலவழித்து, “நன்றாயிருக்கிறீர்கள்” என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்புவது வீண் என்று தோன்றியது. மருத்துவமனையிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார்கள். “வருகிறோம்” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டோம். அவர்களும் மீண்டும் அழைக்கவில்லை. சத்து மாத்திரைகள் மூன்றாம் ஆண்டில் நின்றன.

கடைசி ஆறு மாதங்களாக, உணவு உண்டபின் அவ்வப்போது வயிறு பிசைவதாக என் மனைவி சொல்லிவந்தார். சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும். வாயு என்றோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த அறுவையோடு அந்த வலியை இணைத்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

அன்றிரவு 108 வண்டியில் சேலத்துக்கு இறங்கினோம். சி.டி. ஸ்கேன் எடுத்தபோது விடை கிடைத்தது. குடலை மாற்றி இணைக்கும்போது குடல்தாங்கிச் சவ்வின் மடிப்புகளுக்கிடையே சிறு இடைவெளிகள் உண்டாகின்றன. உடல் மெலிந்து உட்கொழுப்புக் கரையக் கரைய அந்த இடைவெளிகள் அகலக்கூடும். அவற்றில் ஒன்றினூடே சிறுகுடலின் ஒரு பகுதி நுழைந்து சிக்கிக்கொண்டிருந்தது. ‘உட்குடலிறக்கம்’ என்று மருத்துவர் சொன்னார். வெளியே புடைப்பு எதுவும் தெரியாது. அறுவைக்குச் சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். இரத்த ஓட்டம் நெடுநேரம் தடைப்பட்டால் குடல் அழுகிவிடும். விடியுமுன் அறுவை நடந்தது, குடல் பிழைத்தது. “இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால்” என்று மருத்துவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அதன் பின்னர் மருத்துவர்களிடமும் உணவியலரிடமும் கேட்டுக் கேட்டு நான் அறிந்துகொண்டவற்றை இங்கே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

எடைகுறைப்பு அறுவை என்று பொதுப்பெயரால் அழைத்தாலும், அது ஒரே அறுவை அன்று. பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ‘ஸ்லீவ்’ என்னும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சியது சட்டைக்கை போன்ற ஒரு குழாயாகும். குடலில் கை வைப்பதில்லை. ‘பைபாஸ்’ என்னும் முறையில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாக இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். உணவு பழைய வழியை விட்டுப் புதிய வழியில் செல்லும். பைபாஸிலும் உட்பிரிவுகள் உண்டு. என் மனைவிக்குச் செய்யப்பட்டது பைபாஸ்.

ஆண்டுகள் கழித்து வரும் தொல்லைகள் இவ்விரண்டிலும் வேறுவேறு. ஸ்லீவ் செய்துகொண்டவர்களிடம் நெஞ்செரிச்சலும், புளித்த நீர் எதுக்களித்து வருதலும் மிகுதி. பல்லாண்டுகள் நீடித்தால் உணவுக்குழாயின் உட்படலமே மாறக்கூடுமாதலால், எண்டோஸ்கோபி பார்த்துக்கொள்வது தேவையாகிறது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கோ இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் புண் உண்டாகலாம். புகைப்பழக்கமும் வலி மாத்திரைகளும் அப்புண்ணுக்கு எரியும் கொள்ளியில் நெய் போன்றவை. தோட்ட வேலை செய்யும் நம் மலைமக்களிடையே மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையிலேயே கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. பைபாஸ் ஆனவர்கள் அவற்றைத் தவிர்த்து, வலிக்கு எதை உண்ணலாம் என்று மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் உண்பவர்களும் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இனிப்பு உண்டவுடன் வரும் தொல்லையை ‘டம்பிங்’ என்பார்கள். ஜவ்வரிசிப் பாயசமோ சர்க்கரைப் பொங்கலோ உண்ட அரைமணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு பொருமிக் கழிச்சலாகும். இனிப்பு, விரைந்து குடலில் இறங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்வதன் விளைவு இது. இன்னொரு வகையில், உண்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்து மயக்கம் வரும். இதை மனநடுக்கம் என்றும் பசிமயக்கம் என்றும் கருதிப் பல குடும்பங்கள் மேலும் இனிப்பையே கொடுக்கின்றன. மயங்கி விழும் வேளையில் சர்க்கரை கொடுப்பது முறைதான். ஆனால் அதன்பின் மருத்துவரிடம் சென்று காரணத்தை அறிந்து உணவை மாற்றிக்கொள்ளாவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும்.

நம் மலைக்கே உரிய செய்திகள் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, காப்பி. சேர்வராயன் மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காப்பி பயிராகிவிட்டது. நம் வீடுகளில் அடுப்பணைந்தாலும் காப்பிப் பாத்திரம் ஆறுவதில்லை. காப்பியும் தேநீரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. என் மனைவி முதலிரண்டு ஆண்டுகளும் இரும்பு மாத்திரையைக் காலைக் காப்பியோடுதான் விழுங்கினார்! இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து உண்ணலாகாது. அவற்றிடையேயும் இரண்டு மணி நேரம் வேண்டும். இரண்டாவது, ஆரஞ்சு. இரைப்பையில் அறுவை ஆனவர்கள் ஆரஞ்சுச் சுளையைத் தோலும் வெண்ணாருமாக மெல்லாமல் விழுங்கினால், அந்த நார் திரண்டு கட்டியாகி வழியை அடைத்துவிடக்கூடும். பழத்தை விலக்க வேண்டியதில்லை. நாரை நீக்கி, நன்றாக மென்று, சிறுகச் சிறுக உண்டால் போதும். பலாச்சுளையையும் அவ்வாறே.

சத்துக்குறைவு என்பது ஓசையின்றி வரும் பகை. வைட்டமின் பி12ஐக் கல்லீரல் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைத்திருக்கிறது. அறுவைக்குப் பின் உணவிலிருந்து அது சரிவரச் சேராவிட்டாலும், பழைய இருப்பில் உடல் ஓடிக்கொண்டிருக்கும். இருப்புத் தீரும்போது சோர்வு, இரத்தசோகை, காலில் மரமரப்பு, மறதி எனத் தொல்லைகள் தலைகாட்டும். அப்போது அறுவை நடந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒருவருக்கும் அதன் நினைவு வராது. வைட்டமின் பி1 என்னும் தயமினின் இருப்போ சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அறுவையானவர் தொடர்ந்து பல நாள் வாந்தி எடுத்தால், பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை ஏற்பட்டு மூளைக்கு நிலையான கேடு விளையலாம். வாந்தி என்றதும் “ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்” என்று நாமே மருத்துவரிடம் கேட்பது வழக்கம். தயமின் குறைந்த உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது அக்கேட்டை முடுக்கிவிடக்கூடும். அறுவை நடந்த செய்தி தெரிந்தால் மருத்துவர் தயமினை முதலில் கொடுப்பார். தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்?

கருவுற்ற பெண்களுக்கும் இது பொருந்தும். நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து சர்க்கரை நோயைக் கண்டறிவார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பைபாஸ் ஆன பெண் அதைக் குடித்தால் டம்பிங் வந்து துவண்டுவிடக்கூடும். அவருக்கு வேறு வழியில் சோதிக்க வேண்டும். செவிலியருக்கு இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

இவையெல்லாம் புதிதாகத் தோன்றினாலும், மாற்றியமைத்த இரைப்பையோடு வாழ்வது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டில் தென்னிந்தியாவில் குடற்புண் மிகுதியாக இருந்தது. இன்று குமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில், 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட ஹோவர்ட் சோமர்வெல் என்னும் மருத்துவர், இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவையைப் பல்லாண்டுகள் செய்துவந்தார். ‘அல்சர் ஆபரேஷன்’ செய்துகொண்ட பெரியவர்களை நம் தலைமுறையினர் பலர் கண்டிருப்போம். இனிப்பு உண்டால் படபடப்பதாகவும், இரத்தம் ஊறவில்லை என்றும் அவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இன்றைய பைபாஸ் அந்த மரத்தின் கிளைதான். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்துத்தான், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் 1966இல் எடைகுறைப்புக்கான பைபாஸ் முறையைத் தொடங்கினார்.

அதற்கு முன்னரே அமெரிக்காவில் வேறொரு முறை இருந்தது. இரைப்பையைத் தொடாமல், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தாண்டிச் செல்லுமாறு இணைத்தார்கள். எடை மளமளவென்று குறைந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஓயாத கழிச்சல், சிறுநீரகக் கல், கல்லீரல் செயலிழப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. முடிவில் அம்முறை கைவிடப்பட்டது. அறுவையானவர்களில் பலருக்கு மீண்டும் அறுத்துப் பழைய வழிக்கே மாற்ற வேண்டியதாயிற்று. அக்கேடுகள் முதலாண்டுக் கணக்கில் தெரியவில்லை. ஆண்டுதோறும் நோயாளரைத் தொடர்ந்து பார்த்ததனால் தெரிந்தன. இக்காலத்து அறுவைகள் அதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானவை. எனினும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற பாடம் பழையதாகிவிடவில்லை.

ஆகவே என் கருத்து இது: எடைகுறைப்பு அறுவை ஒருநாள் நிகழ்ச்சி என்னும் எண்ணத்தைக் குடும்பங்களும் மருத்துவமனைகளும் ஒருசேரக் கைவிட வேண்டும். சர்க்கரை நோயாளியை வாழ்நாள் முழுதும் கவனிப்பது போலவே அறுவையானவரையும் வாழ்நாள் முழுதும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 2014இல் வெளியான அரசு வழிகாட்டுதல், அறுவை செய்த மையம் குறைந்தது இரண்டாண்டுகள் கவனித்த பின்னர், உள்ளூர் மருத்துவரோடு பொறுப்பைப் பகிர்ந்து ஆண்டுக்கொருமுறையேனும் சத்துநிலையைச் சோதித்துவர வேண்டும் என்றது. மலையில் வாழும் நமக்கு ஏற்ற வழி அதுவே. இரத்தச் சோதனைக்காக ஒவ்வோராண்டும் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டியதில்லை; இரத்த அணுக்கள், இரும்பு இருப்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றுக்கான மாதிரியை அருகிலேயே கொடுத்து, முடிவை அறுவை மையத்துக்கு அனுப்பலாம். எதைச் சோதிக்க வேண்டும், எந்த அறிகுறியில் உடனே அனுப்ப வேண்டும் என்று அறுவை செய்தவர் உள்ளூர் மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும். நோயாளரின் கையில் கொடுக்கும் குறிப்பைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒன்பது ஆண்டுகள் கிடந்த கோப்பில் எல்லாச் செய்தியும் இருந்தது. ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் இருந்தமையால் அதை நாங்கள் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுதேடி வந்து மருந்து தருகிறார்கள். “வயிற்றில் எப்போதேனும் அறுவை செய்துகொண்டீர்களா?” என்ற ஒரு கேள்வியை அவர்கள் சேர்த்துக் கேட்டால், எங்களைப் போல் மறந்திருப்பவர்கள் பலர் கணக்கில் வருவார்கள்.

“இதையெல்லாம் எழுதினால் மக்கள் அறுவைக்கே அஞ்சுவார்களே” என்று நண்பர் ஒருவர் கேட்டார். மலைப்பாதையில் வளைவு வருமுன் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் ஏற்காட்டுக்கு வராமல் இருந்துவிடுவதில்லை. மெதுவாகத் திரும்புகிறார்கள், அவ்வளவே.

குடும்பத்தாருக்கு ஒன்று சொல்வேன். அறுவையானவர் வயிற்றுவலி என்று சொன்னால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், வாயு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். உண்டபின் விட்டுவிட்டு வரும் பிசைவலி, அடங்காத வாந்தி, கருநிற மலம், விழுங்குவதில் தடை, காரணமின்றி மெலிதல், காலில் மரமரப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். சென்றவுடன் முதல் வார்த்தையாக அறுவையைப் பற்றிச் சொல்லுங்கள். அடங்காத கடும் வலியென்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடும் ஊர் நம்முடையது. கீழே இறங்க எடுக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது என் மனைவியின் கைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது. அறுவையின் பெயர், செய்த நாள், செய்த மருத்துவமனை, தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஆகிய நான்கையும் என் கையெழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். அதன் படியொன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. மற்றொன்று சேலத்தில் இருக்கும் மகளிடம். எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டியில் அப்படியொரு கோப்பு கிடக்கலாம். இந்த இதழை மடித்து வைத்ததும் அதைத் தேடி எடுங்கள். படிக்கத் தெரியவில்லையென்றால், அடுத்தமுறை வரும்போது மருத்துவரிடம் கொண்டுவந்து, “இந்த அறுவையின் பெயர் என்ன?” என்று கேளுங்கள்.